முதலில் ஃபுட்டேஜ், அப்புறம் மென்பொருள்

கேள்வி: மூன்று வருடங்களாக மொபைலிலேயே வீடியோ எடிட் செய்கிறேன். பறவைகள், மலையேற்றம் என்று எனக்குப் பிடித்ததை எடுத்து, நானே வெட்டி ஒட்டி யூடியூபில் போடுவேன். இப்போது தெரிந்தவர்கள் இரண்டு பேர் பணம் தருவதாகச் சொல்லி வேலை கேட்கிறார்கள். ஒன்று நான்கு பேரின் நேர்காணல், இன்னொன்று ஒரு நடன நிகழ்ச்சியை இரண்டு கேமராவில் பதிவு செய்வது. என்னிடம் இருப்பது ஐந்து வருடப் பழைய விண்டோஸ் லேப்டாப். 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எந்த எடிட்டிங் மென்பொருள் சிறந்தது? இலவசம் போதுமா, சந்தா கட்ட வேண்டுமா? ஒன்றைக் கற்றுக்கொண்டு பிறகு வேறொன்றுக்கு மாற வேண்டிவந்தால் உழைப்பெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நண்பர் ஒருவர் கிராக் செய்த பதிப்பைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்:

வணக்கம். அந்தப் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது விலகினால்தான் மற்றதை நிதானமாக யோசிக்க முடியும். எந்த மென்பொருளில் ஆரம்பித்தாலும் உழைப்பு வீணாகாது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் நான்கு முறை மென்பொருள் மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரம் கை தடுமாறும், எந்த பட்டன் எங்கே என்று கண் தேடும். மூன்றாவது வாரம் பழைய வேகம் வந்துவிடும். எங்கே வெட்டுவது, எதை விட்டுவிடுவது, ஒரு முகத்தில் எத்தனை நொடி நிற்பது என்பதெல்லாம் உங்களோடு வருகிறவை. கீபோர்டு பழக்கம்கூடப் பெரும்பாலும் கூடவே வரும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ, ஃபைனல் கட் ப்ரோ, கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் எல் அழுத்தினால் படம் முன்னால் ஓடும், ஜே அழுத்தினால் பின்னால் ஓடும், கே அழுத்தினால் நிற்கும். ஐ தொடக்கத்தைக் குறிக்கும், ஓ முடிவைக் குறிக்கும். இந்த ஐந்து எழுத்துகளில் விரல் பழகிவிட்டால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

சரி, எது சிறந்தது? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லோரும் வசதிப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்: இதில் இத்தனை டிரான்சிஷன், அதில் இத்தனை எஃபெக்ட் என்று. நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். உங்கள் கேமராவும் மொபைலும் தருகிற ஃபைல் என்ன வகை? அதை உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா? வேலை முடிவதற்கு முன்னால் அந்த ப்ராஜெக்டை வேறு யாராவது திறந்தாக வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மென்பொருள்தான் மிஞ்சும். பதில் தெரியாமல் எதை வாங்கினாலும், எதை இறக்கிக்கொண்டாலும், முதல் பெரிய வேலையில் நடுவழியில் நிற்பீர்கள்.

ஃபைல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். மொபைலும் சாதாரண கேமராவும் எச்.264 அல்லது எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இவை ஒவ்வொரு ஃப்ரேமையும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படத்தையும்) முழுப் படமாக எழுதி வைப்பதில்லை. ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதும். அடுத்து வரும் பல ஃப்ரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைக்கும். பிறகு மறுபடி ஒரு முழுப் படம். ஆரம்பத்திலிருந்து நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது சிக்கலே இல்லை. எடிட்டர் அப்படிப் பார்ப்பதில்லையே! இங்கே தாவுவார், அங்கே தாவுவார், பின்னால் ஓட்டுவார். நீங்கள் நடுவில் ஒரு ஃப்ரேமில் போய் நின்றால், கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால்தான் அந்த ஒரு ஃப்ரேமைக் காட்ட முடியும். பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே வீடியோ டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடத்தில்) திக்கித் திக்கி ஓடுவதற்குக் காரணம் இதுதான். மென்பொருள் மோசம் என்று அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை நிறுவுவார்கள்; அதிலும் திக்கும். எச்.265 இன்னும் இறுக்கமாகச் சுருக்குவதால் கணக்கும் கூடுதல்.

இதற்கு வழி ப்ராக்ஸி. அசலைத் தொடாமல், ஒவ்வொரு கிளிப்புக்கும் எடிட்டிங்குக்கு ஏற்ற வகையில் சின்ன நகல் ஒன்றை மென்பொருளே செய்துகொள்ளும். நீங்கள் நகலை வைத்து வெட்டுவீர்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது அசலிலிருந்து எடுத்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன நான்கு மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. ஐந்து வருட லேப்டாப்பில் 4கே (3840க்கு 2160 புள்ளி அளவுள்ள) வீடியோவை எடிட் செய்ய வேண்டிவந்தால் உங்களுக்கு, எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்பதைவிட ப்ராக்ஸி எவ்வளவு சுலபமாக உருவாகிறது என்பதுதான் முக்கியம். ராத்திரி ப்ராக்ஸி போடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள், காலையில் வெட்டலாம்.

மொபைலில் எடுத்த வீடியோவில், அதாவது ஃபுட்டேஜில், இன்னொரு தொல்லை உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் 50 நிமிட உரை ஒன்றை மொபைலில் எடுத்தேன், ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்தேன். ஆரம்பத்தில் கைதட்டி, அந்த இடத்தை வைத்து இரண்டையும் பொருத்தினேன். முதல் பத்து நிமிடம் உதடும் சொல்லும் ஒட்டி நின்றன. இருபதாவது நிமிடத்தில் ஏதோ உறுத்தியது. நாற்பதாவது நிமிடத்தில் அவர் வாயை மூடிய பிறகுதான் கடைசிச் சொல் காதில் விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலியை வெட்டி வெட்டி இழுத்து ஒட்டினேன். காரணம் பிறகுதான் புரிந்தது. பல மொபைல்கள் ஒரே சீரான வேகத்தில் ஃப்ரேம்களை எடுப்பதில்லை; வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற எண்ணிக்கை ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருளோ சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது. இப்போதெல்லாம் மொபைல் ஃபைல் எது வந்தாலும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் போட்டு, நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறேன். ஷாட்கட் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள், கேடென்லைவ் இரண்டும் இப்படிப்பட்ட ஃபைலைக் கண்டதும் தாமாகவே எச்சரித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். இது பெரிய உதவி. நேர்காணல் எடுக்கப்போகிற உங்களுக்கு இந்த ஒரு விஷயம் மட்டுமே ஒரு வாரத் தூக்கத்தை மிச்சம் செய்யும்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். உங்கள் நிலையில் நான் முதலில் நிறுவிப் பார்ப்பது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அது கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தைச் சீராக்கி மெருகேற்றும் வேலை) செய்யும் பெரிய ஸ்டூடியோக்களில் பிறந்து வளர்ந்தது. 2009ல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு படிப்படியாக எடிட்டிங், 2017ல் ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி, 2018ல் ஃப்யூஷன் என்ற விஷுவல் எஃபெக்ட் பகுதி எல்லாம் அதற்குள் சேர்ந்தன. கலரில் அது இவ்வளவு ஆழமாக இருப்பதற்கும், சின்ன கம்ப்யூட்டரில் கொஞ்சம் பாரமாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பிறப்புதான். கிராபிக்ஸ் கார்டை நம்பியே அது ஓடுகிறது. சாதாரண எடிட்டிங்குக்கு 16 ஜிபி ரேம் போதும் என்றும், ஃப்யூஷன் பயன்படுத்த 32 ஜிபி வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அதனால் உங்கள் லேப்டாப்பில் ஃப்யூஷன் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் கிடையாது, கட்டணப் பதிப்புக்கு மட்டுமான எஃபெக்டைப் போட்டால் தவிர. நேர கெடு கிடையாது. பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். உங்கள் இரண்டு வேலைக்கும் இது தாராளம். எங்கே இடிக்கும் என்றால், புதிய கேமராக்கள் சில தருகிற, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 ஃபைல்களை விண்டோஸில் இலவசப் பதிப்பு எடுத்துக்கொள்ள மறுக்கலாம். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் கட்டணப் பதிப்பில்தான். ஸ்டூடியோ என்று பெயர் கொண்ட அந்தப் பதிப்புக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. நடன நிகழ்ச்சி மேடை விளக்கில் நடக்கும் என்பதால், நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாதது அங்கே கொஞ்சம் தெரியும். ஆனால் அந்த ஒரு வேலைக்காக இப்போதே வாங்க வேண்டாம். இதே குறை மூன்றாவது வேலையிலும் வந்து நின்றால் வாங்குங்கள்.

லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது. மாற்றிக்கொண்டுதான் உள்ளே எடுக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ப்ராக்ஸி போட்டும் ரிசால்வ் உங்கள் லேப்டாப்பில் திணறினால், வருத்தப்படாமல் கேடென்லைவுக்குப் போங்கள். அது திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிராபிக்ஸ் கார்டை அவ்வளவாகக் கேட்காது. இரண்டு கேமராவின் ஒலியை ஒப்பிட்டுத் தானே பொருத்தும் வசதி அதில் இருக்கிறது; நடன நிகழ்ச்சிக்கு அது உதவும். கலரில் ரிசால்வ் அளவு ஆழம் இல்லை, சில பதிப்புகளில் திடீரென்று மூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே தானியங்கிச் சேமிப்பை அணைத்துவிடாதீர்கள். ஷாட்கட் இன்னும் எளிமையானது. பறவை வீடியோக்களுக்கு அதுவே போதும், நேர்காணலையும் அதில் முடித்துவிடலாம். நான்கைந்து டிராக்கில் (டைம்லைனின் வரிசைகளில்) ஒலியை அடுக்கிச் செய்யும் வேலைக்கு மட்டும் அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பிரீமியர் ப்ரோ நல்ல மென்பொருள், எனக்குப் பிடித்தமானதும்கூட. ஆனால் 2013 முதல் புதிய பதிப்புகள் எல்லாம் சந்தாவில் மட்டும்தான். மாதா மாதம் வேலை வருகிறதா என்று தெரியாத நேரத்தில் மாதா மாதம் பணம் போவது மனதை அரிக்கும். இதைவிடப் பெரிய விஷயம், சந்தாவை நிறுத்திய பிறகு பழைய ப்ராஜெக்டைத் திறக்க முடியாது. எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் கூப்பிட்டு, பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்த ஓர் எழுத்துக்காக மறுபடி சந்தா கட்ட வேண்டும். இத்தனையும் தெரிந்தும் பிரீமியருக்குப் போகலாம் என்று நான் சொல்வது ஒரே சூழ்நிலையில்தான்: உங்களோடு வேலை செய்கிறவர்கள் அதில் இருந்தால். யாராவது உங்களைத் துணை எடிட்டராகச் சேர்த்துக்கொண்டு ப்ராஜெக்ட் ஃபைலையே அனுப்பினால், அல்லது அதே நிறுவனத்தின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் செய்கிற ஒருவரோடு தொடர்ந்து வேலை செய்தால், அதில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு மென்பொருளின் டைம்லைனை இன்னொன்றுக்கு எக்ஸ்எம்எல் என்ற பொதுவான ஃபைல் வடிவம் வழியாக அனுப்ப முடியும்தான். வெட்டுகள் பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். டைட்டில், எஃபெக்ட், வேக மாற்றம் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும்.

ஃபைனல் கட் ப்ரோ விண்டோஸில் ஓடாது, உங்களிடம் மேக் இல்லை. அதனால் விட்டுவிடுகிறேன். மேக் வைத்திருக்கும் வாசகர்கள் முதலில் ஐமூவியில் ஆரம்பித்து, டிராக் போதாமல் ஆகும்போது அதற்கு மாறலாம்.

மொபைல் செயலிகளைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ரீல்ஸ் மாதிரி குறுவீடியோவுக்கு அவற்றின் வேகத்தை எதுவும் எட்டாது. பணம் வாங்கிச் செய்யும் வேலையில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: டெம்ப்ளேட்டோடு வருகிற இசையும் எழுத்துருவும் எல்லாமே வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. உரிம விதியைப் படிக்காமல் வாடிக்கையாளரின் வீடியோவில் ஒரு பாட்டைப் போட்டால், புகார் வரும்போது மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

கிராக் பதிப்பு வேண்டாம். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், இருந்தாலும் வேண்டாம். அந்த ஃபைலைத் திறந்து மாற்றியவர் யார், உள்ளே வேறென்ன வைத்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் நண்பருக்கும் தெரியாது. உங்கள் லேப்டாப்பில் இனிமேல் அடுத்தவர்களின் முகமும் குரலும் இருக்கும், அவற்றுக்கு நீங்கள் பொறுப்பு. மேலும், நேர்மையாகக் கிடைக்கிற இலவச மென்பொருளே இவ்வளவு நன்றாக இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டிய சோதனை. ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். வேறொருவருடைய மாதிரி வீடியோ வேண்டாம், நீங்கள் எடுத்ததே வேண்டும். நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசவிடுங்கள். ஒரு பக்கம் கேமரா, இன்னொரு பக்கம் மொபைல், ஒலி தனியாக. அதை ரிசால்வில் போட்டு, இரண்டு நிமிட வீடியோவாகச் சுருக்கி, எக்ஸ்போர்ட் வரை கொண்டுபோங்கள். மறுநாள் இதையே கேடென்லைவில் செய்யுங்கள். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், ஏனென்றால் பல மென்பொருள்கள் வெட்டும்வரை இனிக்கும், எக்ஸ்போர்ட்டில்தான் கசக்கும்.

அந்தச் சோதனையில் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது டிரிம் செய்வதை, அதாவது வெட்டிய இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்வதை. ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் நண்பர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் குனிகிறார், மூச்சை உள்ளே இழுக்கிறார், பிறகு நிமிர்ந்து பேசுகிறார். அந்த மூச்சின் நடுவில் வெட்டினால் விக்கல் மாதிரி கேட்கும். மூச்சையே எடுத்துவிட்டால் இயந்திரம் பேசுவதுபோல இருக்கும். மூச்சு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்ட வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். இந்தச் சின்ன தூரத்தை ஒரு விசையைத் தட்டித் தட்டி நகர்த்த முடிகிறதா? நகர்த்தும்போது பின்னால் இருக்கும் கிளிப்புகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றனவா, இல்லை கறுப்பு இடைவெளி விழுகிறதா? அடுத்து, படத்தை ஓர் இடத்திலும் ஒலியை வேறோர் இடத்திலும் வெட்டிப் பாருங்கள். கேள்வி கேட்பவரின் முகம் திரையில் இருக்கும்போதே பதில் சொல்பவரின் குரல் தொடங்க வேண்டும், அப்புறம்தான் அவர் முகம் வர வேண்டும். எடிட்டர்கள் இதை ஜே கட் என்பார்கள். நேர்காணல் உரையாடலாகத் தோன்றுவது இதனால்தான். மொபைல் செயலியில் இதைச் செய்வதற்குள் விரல் ஓய்ந்துவிடும். எந்த மென்பொருளில் இதை யோசிக்காமல் செய்ய முடிகிறதோ, அதுதான் உங்களுக்கானது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: டிரிம் உங்கள் கைக்கு ஒத்துவர வேண்டும். மற்ற எல்லா வசதியும் இதற்குக் கீழேதான்.

அதே சோதனையில் தமிழில் ஒரு டைட்டிலும் போட்டுப் பாருங்கள். கொ, மௌ, ஸ்ரீ, க்ஷ மூன்று நான்கு இடங்களில் வருகிற மாதிரி ஒரு வரி அடியுங்கள். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறதா என்று பாருங்கள். பிரீமியர் போன்றவற்றில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை செட்டிங்கில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எந்த வழியிலும் சரியாகவில்லை என்றால், எழுத்தை வேறு செயலியில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து டைம்லைனில் வைத்துவிடலாம். சப்டைட்டிலுக்கு அந்த வழி ஒத்துவராது. ஆகவே சப்டைட்டில் வேலை எடுப்பதாக இருந்தால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கலருக்கு ஒரு விஷயம் மட்டும். 8 பிட் ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. 8 பிட்டில் எடுத்த நீல வானத்தை அழுத்தி மாற்றினால் பட்டை பட்டையாகப் பிரியும். அதை எந்த மென்பொருளாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. உங்கள் கேமரா 8 பிட் என்றால் எடுக்கும்போதே வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் அமைப்பை) சரியாக வைத்துவிடுங்கள். இரண்டு கேமராவின் தோல் நிறம் ஒன்றுபோல் இருந்தாலே வாடிக்கையாளர் திருப்தி அடைவார்.

ஒலியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். இப்போதைக்கு, நல்ல ஹெட்போனில் கேட்டு வெட்டுங்கள். மென்பொருளில் எல்யூஎஃப்எஸ் அளவீடு (ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) இருக்கிறதா பாருங்கள். யூடியூப் உரத்த ஒலியை ஏறக்குறைய -14 எல்யூஎஃப்எஸ் அளவுக்கு இறக்கிவிடும். அதனால் அந்த அளவை ஒட்டியே முடித்துக்கொடுங்கள்.

இடமும் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு மணி நேர நடன நிகழ்ச்சி, இரண்டு கேமரா என்றால் 180 ஜிபி. ப்ராக்ஸிக்கு மேலும் இடம். இதற்கு லேப்டாப்பின் உள்ளே இடம் தேடாதீர்கள், வெளியே இணைக்கிற ஓர் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்குங்கள். கையில் இருக்கும் பணத்தை மென்பொருளுக்குச் செலவிடுவதா, இதற்கா என்றால், தயங்காமல் இதற்கு. அசல் ஃபுட்டேஜை இரண்டு டிஸ்க்கில் வைத்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

ரிசால்வில் ஒரு பழக்கம் அவசியம். அதில் ப்ராஜெக்ட் ஒரு ஃபைலாக உங்கள் ஃபோல்டரில் இருக்காது. மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். ஃபுட்டேஜ் ஃபோல்டரை மட்டும் பத்திரமாகக் காப்பி எடுத்துவிட்டு லேப்டாப்பை ஃபார்மேட் செய்தால், வீடியோக்கள் எல்லாம் இருக்கும், எடிட் செய்த வேலை போயிருக்கும். ஒவ்வொரு நாள் முடிவிலும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து ஃபுட்டேஜ் பக்கத்திலேயே வையுங்கள். வேலை ஒப்படைத்ததும் ஆர்க்கைவ் செய்தால் ப்ராஜெக்டும் மீடியாவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு வேலையின் நடுவில் புதிய பதிப்புக்கு அப்டேட் செய்யாதீர்கள். புதியதில் ஒருமுறை திறந்து சேமித்த ப்ராஜெக்டைப் பழையதில் திரும்பத் திறப்பது பெரும்பாலும் நடக்காது. ஒருமுறை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது நான் அப்படி அப்டேட் செய்து, பாதி டைட்டில்கள் இடம் மாறி, எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.

உங்கள் இரண்டு வேலைகளில் நேர்காணலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பு நடந்தாலும் திருத்த நேரம் இருக்கும், தேவைப்பட்டால் ஒருவரை மறுபடி உட்காரவைத்துப் பேசவைக்கலாம். நடனம் ஒருமுறைதான் நடக்கும். கேமராவில் 4கே எடுத்தாலும் டைம்லைனை 1080பியில் (1920க்கு 1080 அளவில்) வையுங்கள். லேப்டாப்புக்குப் பாரம் குறையும், முகத்தை நெருக்கிக் காட்ட இரண்டு மடங்குவரை பெரிதாக்கவும் இடம் கிடைக்கும். நடன நிகழ்ச்சியில் இரண்டு கேமராவையும் ஆரம்பம் முதல் கடைசிவரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ஒன்றை நிறுத்தி ஓட்டினால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்த வேண்டும். முழு மேடையைக் காட்டும் கேமராவை யாரும் தொடக் கூடாது.

கேமரா என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் 10 பிட் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் உங்கள் கேமரா ஃபைல் ஒன்றையும் மொபைல் ஃபைல் ஒன்றையும் திறந்து பாருங்கள். கோடெக் (எச்.264 போன்ற சுருக்கும் முறை), பிட் டெப்த் (8 பிட்டா 10 பிட்டா), குரோமா (4:2:2 போன்ற நிற அளவு), ஃப்ரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்று நான்கு விவரம் இருக்கும். இரண்டு ஃபைலுக்கும் அந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், சோதனையில் எந்த மென்பொருள் எத்தனை நேரம் எடுத்தது என்பதையும் சேர்த்து. ஸ்டூடியோ பதிப்பு உங்களுக்குத் தேவையா என்பதை அப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.